சங்கத்துக்கு வலைத்தளம்: வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, டிரூபலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம், வியாசர்பாடியில் ஒரு கால்பந்து மன்றம், காசிமேட்டில் மீனவர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு, கொருக்குப்பேட்டையில் மாலைநேர இலவச வகுப்பு. இப்படிச் சம்பளம் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் வலைத்தளத்துக்கு எந்த சி.எம்.எஸ். (நிரல் எழுதாமலே தளத்தில் எழுதி வெளியிட உதவும் மென்பொருள்) பொருந்தும் என்பதுதான் இங்கே விஷயம். பொருள் விற்கிறவர்களுக்கும் செய்தித்தளம் நடத்துகிறவர்களுக்கும் கணக்கு வேறு; அவர்களுக்கு இது உதவாது.

மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. வித்தியாசம் எங்கே?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றும் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை, மூன்றும் மை எஸ்.கியூ.எல். அல்லது மரியா டிபி டேட்டாபேஸில் ஓடுபவை, மூன்றும் ஜி.பி.எல். என்ற திறந்தமூல உரிமத்தில் இலவசம். டிரூபல் 2001இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல். மேம்போ என்ற பழைய மென்பொருளிலிருந்து பிரிந்து ஜூம்லா 2005இல் வந்தது.

உள்ளே போனால் ஒவ்வொன்றும் வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. வேர்ட்பிரஸுக்கு முக்கியம் பதிவு: எழுது, படம் போடு, வெளியிடு. ஜூம்லாவுக்கு முக்கியம் பிரிவும் குழுவும்: எந்தப் பிரிவில் யார் எழுதலாம், யார் படிக்கலாம் என்பதில்தான் அதன் பலம். டிரூபல் எதையும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை. 'அணி', 'வீரர்', 'ஆட்டம்' என்று உங்களுக்கு வேண்டிய வகைகளையும் அவற்றின் கட்டங்களையும் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் மூன்றுக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் விழும். யார் எழுதப்போகிறார்கள், யார் அனுமதிக்கப்போகிறார்கள், மூன்றாவது வருடம் யார் அப்டேட் செய்யப்போகிறார்கள் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

விளக்கமெல்லாம் அப்புறம். எதைப் போடலாம், ஒரே வரியில் சொல்லுங்கள்.

எழுதுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், வருவது பெரும்பாலும் அறிவிப்பும் புகைப்படமும் என்றால் வேர்ட்பிரஸ். ஒரே தளத்தில் நாலைந்து குழுக்கள் தனித்தனிப் பகுதி வைத்துக்கொண்டு ஒருவர் பகுதியில் மற்றவர் கைவைக்கக் கூடாது என்றால், அல்லது தமிழும் ஆங்கிலமும் சரிசமமாக வேண்டும் என்றால் ஜூம்லா. நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரிப் பதிவேடு இருந்து அதைப் பலவிதமாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தால், கூடவே கமாண்ட் லைன் (கட்டளைகளைத் தட்டி சர்வரை இயக்குவது) தெரிந்த ஒருவர் நிலையாக இருந்தால் டிரூபல். அந்த ஒருவர் இல்லையென்றால் டிரூபல் வேண்டாம், தேவை எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும்.

எங்களுக்கு மொத்தமே ஐந்து பக்கம்தான். சி.எம்.எஸ். வேண்டுமா?

முகவரி, நிர்வாகிகள் பெயர், நோக்கம், தொடர்பு எண், நாலு படம், அதுவும் வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும் என்றால் வேண்டாம். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்களே போதும். அப்டேட் தொல்லை இல்லை, உடைத்து உள்ளே வர லாகின் பக்கமும் இல்லை. வாரம் ஒரு அறிவிப்பாவது வரும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

வேர்ட்பிரஸ் டாட் காம், டாட் ஆர்க் இரண்டும் ஒன்றா?

இல்லை. டாட் ஆர்க்கில் கிடைப்பது மென்பொருள். இறக்கி உங்கள் ஹோஸ்டிங்கில், அதாவது தளத்துக்கு வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில், போட்டுக்கொள்வது. டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதே மென்பொருளைத் தானே நடத்தித் தரும் சேவை. திட்டத்துக்கு ஏற்பக் கட்டணமும் கட்டுப்பாடும் மாறும். இந்தப் பக்கத்தில் வேர்ட்பிரஸ் என்றால் டாட் ஆர்க்.

யார் வேண்டுமானாலும் எழுதட்டும், செயலாளர் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். எதில் முடியும்?

மூன்றிலும் முடியும். ஆனால் பதவிப் பெயர்களை நம்பி ஏமாறாதீர்கள். ஜூம்லாவின் 'எடிட்டர்' யார் எழுதியதையும் திருத்தலாம், வெளியிட முடியாது. அதற்கு மேல்படியில் இருக்கும் 'பப்ளிஷர்'தான் வெளியிட முடியும். வேர்ட்பிரஸின் 'எடிட்டர்' எல்லோர் பதிவையும் திருத்தலாம், வெளியிடலாம், அழிக்கவும் செய்யலாம். ஜூம்லாவில் பழகியவர் வேர்ட்பிரஸுக்கு வந்து எல்லோருக்கும் எடிட்டர் பதவி கொடுத்தால் கேட்பாரில்லாமல் பதிவுகள் வெளியே போகும்.

வேர்ட்பிரஸில் இந்த வேலைக்கு உரியது 'கான்ட்ரிபியூட்டர்'. அதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. அவரால் படம் ஏற்ற முடியாது. பதிவு வெளியானபின் தன் பதிவில் உள்ள எழுத்துப்பிழையைக்கூட அவரால் திருத்த முடியாது. படம் ஏற்றட்டும் என்று 'ஆத்தர்' ஆக்கினால் வெளியிடும் உரிமையும் சேர்ந்தே போய்விடும். இடைப்பட்ட பதவி வேண்டுமென்றால் உரிமைகளைப் பிரித்துத் தரும் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்று போட வேண்டும்.

கால்பந்துக் குழு கால்பந்துப் பகுதியில் மட்டும் எழுத வேண்டும். கேரம் குழு கேரமில் மட்டும்.

இது ஜூம்லாவின் சொந்த ஊர். கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டாம். முதலில் 'ரெஜிஸ்டர்டு' குழுவுக்குக் கீழே 'கால்பந்து' என்று ஒரு பயனர் குழு உண்டாக்குங்கள். பிறகு கட்டுரைப் பிரிவுகளில் 'கால்பந்து' பிரிவைத் திறந்து, அனுமதிகள் தாவலில் அந்தக் குழுவைத் தேர்ந்து, உருவாக்கல், தன் கட்டுரையைத் திருத்தல் இரண்டுக்கும் 'அலவ்டு' கொடுங்கள். குழுவே வெளியிடலாம் என்றால் நிலைமாற்றத்துக்கும் கொடுங்கள். கடைசியாக உறுப்பினர் மெனுவில் 'கட்டுரை உருவாக்கு' என்ற இணைப்பைச் சேருங்கள். அவர் உள்ளே வந்தால் தேர்ந்தெடுக்கக் கால்பந்துப் பிரிவு மட்டும்தான் இருக்கும். நிர்வாகப் பக்கத்தை அவர் பார்க்கவே தேவையில்லை.

இதில் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: 'டினைடு'. மேல்மட்டத்தில் ஒரு குழுவுக்கு 'டினைடு' கொடுத்துவிட்டால் கீழே எந்தப் பிரிவில் 'அலவ்டு' போட்டாலும் செல்லாது. அனுமதி கொடுக்காமல் விட்டாலே அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம், ஆகவே 'டினைடு' பொத்தானைத் தொடாமலே தளம் நடத்தலாம்.

வேர்ட்பிரஸின் மூலத்தில், அதாவது பிளகின் எதுவும் சேர்க்காத அடிப்படை மென்பொருளில், பிரிவுவாரி அனுமதியே கிடையாது. டிரூபலில் உள்ளடக்க வகைவாரியாக உண்டு. 'கால்பந்துச் செய்தி', 'கேரம் செய்தி' என்று வகைகளைப் பிரித்துக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.

அறிவிப்பு முடிந்த தேதியில் தானாக மறைய வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த அறிவிப்பு ஆகஸ்ட் மாதத்திலும் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தால் மற்ற அறிவிப்புகளையும் யாரும் நம்பமாட்டார்கள். ஜூம்லாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் மூலத்திலேயே உண்டு. பக்கத்தைத் திறக்கும் நேரத்தில் தேதியைப் பார்த்து முடிவு செய்வதால் பின்னணியில் எதுவும் ஓட வேண்டியதில்லை.

வேர்ட்பிரஸில் முன்கூட்டியே நேரம் குறித்து வெளியிடலாம். மறைக்கும் தேதி மூலத்தில் இல்லை, பிளகின் தேவை. குறித்த நேரத்தில் வெளியாவதும் உறுதியில்லை, ஏனென்றால் அதன் நேரக் கணக்கு யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். விடியற்காலையில் ஆள் வராத சிறு தளத்தில் ஆறு மணிக்குக் குறித்தது முதல் ஆள் வரும்வரை காத்திருக்கும். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'க்ரான் ஜாப்' பகுதிக்குப் போய் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேர்ட்பிரஸின் wp-cron.php கோப்பு ஓடும்படி வைத்தால் சரியாகிவிடும்.

அதற்கு முன் நேர மண்டலத்தைப் பாருங்கள். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸ் பெரும்பாலும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதை கொல்கத்தா என்று மாற்றாவிட்டால், காலை 6 மணிக்கு என்று நீங்கள் குறித்த தண்ணீர் லாரி அறிவிப்பு 11.30க்குத்தான் வெளியாகும். அதற்குள் லாரி வந்து போயிருக்கும்.

டிரூபலில் தொடக்கம், முடிவு இரண்டுக்கும் 'ஷெட்யூலர்' என்ற மாட்யூலை, அதாவது டிரூபலின் பிளகினை, கூடுதலாகப் போட வேண்டும். அதற்கும் க்ரான் ஓட வேண்டும்.

தமிழ்த் தலைப்பு வைத்தால் இணைப்பு முகவரி ஒரே சதவீதக் குறியாக வருகிறதே?

மூன்றிலும் இது வெவ்வேறு விதமாகப் படுத்தும்.

வேர்ட்பிரஸ் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். யுனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முகவரிக்குள் போகும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு டேட்டாபேஸில் உள்ள இடமோ 200 எழுத்து. ஆக, 22 குறியீட்டோடு கதை முடிந்தது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் 'வண்ணாரப்பேட்டை' என்ற ஒரு சொல்லே 14 குறியீடு, 126 எழுத்து. 'வண்ணாரப்பேட்டை குடிநீர் லாரி நேர மாற்றம்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'வண்ணாரப்பேட்டை-குடிநீர்' என்பதோடு வெட்டுப்படும். அதற்கே 199 எழுத்து ஆகிவிட்டது. அடுத்த வாரம் 'வண்ணாரப்பேட்டை குடிநீர் கட்டணம்' என்று போட்டால் அதே முகவரி மறுபடி வரும். மோதாமல் இருக்க வேர்ட்பிரஸ் இறுதியில் 2 சேர்க்கும். அதற்கு இடம் பண்ண ஒரு குறியீட்டை வெட்டும். வெட்டுப்படுவது 'ர்' மேல் உள்ள புள்ளி. இதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைத் திரைக்குச் சதவீதக் குறி நிற்கும்; பாதியில் உடைந்து 'பக்கம் இல்லை' என்று காட்டுவதும் நடக்கும்.

ஜூம்லாவில் பொது அமைப்பில் 'யுனிகோட் ஏலியஸ்' என்ற விருப்பம் இருக்கிறது. அது அணைந்திருந்தால் தமிழ் எழுத்து எல்லாம் கழிந்து முகவரி காலியாகும். அந்த இடத்தில் தேதியும் நேரமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். இயக்கினால் தமிழிலேயே வரும். டிரூபலில் 'பாத்ஆட்டோ' மாட்யூல் போட்டால் தமிழை ஆங்கில எழுத்துக்கு மாற்றித் தரும். எழுத்துக்கு எழுத்து மாற்றுவதால் உச்சரிப்பு அப்படியே வராது, ஆனாலும் முகவரி உடையாது.

எதைப் போட்டாலும் வழி ஒன்றுதான்: வெளியிடும் முன் முகவரிக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் நாலைந்து சொல் கையால் தட்டிவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஒருமுறை வெளியிட்ட முகவரியைப் பிறகு மாற்றாதீர்கள்.

பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாம் வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. ஒட்டினால் குப்பையாக வருகிறது.

வரத்தான் செய்யும். அந்தக் கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுகள். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டியது. சி.எம்.எஸ். மாற்றினால் இது தீராது. யுனிகோட் மாற்றியில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றும்போது எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானவில்லைப் பாமினி என்று சொன்னால் வேறு குப்பை வரும். மாற்றியபின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். உரைக்குள் ஆங்கிலத்திலேயே இருந்த பெயர்களும் தமிழ் எழுத்தாகச் சிதைந்திருக்கும்.

தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும்.

ஜூம்லாவிலும் டிரூபலிலும் பன்மொழி வசதி மூலத்திலேயே உண்டு. வேர்ட்பிரஸில் இல்லை, பாலிலாங் அல்லது டபிள்யூ.பி.எம்.எல். போட வேண்டும். பாலிலாங்கின் இலவசப் பதிப்பு சின்னத் தளத்துக்குப் போதும். சௌகார்பேட்டைப் பக்கம் இந்தி, குஜராத்தி, வேறு இடங்களில் தெலுங்கு, உருது என்று மூன்றாவது மொழியும் வரும் என்றால் வேர்ட்பிரஸில் பிளகின் மேல் பிளகின் சேரும். அங்கே மற்ற இரண்டும் மேல். உருது வலமிருந்து இடமாகப் போவதால் தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) அதற்குத் தயாரா என்று முதலிலேயே சோதியுங்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு மொழியிலும் தொடர்ந்து எழுத ஆள் இருக்கிறார்களா? தொடங்கிய மூன்று மாதத்தில் ஆங்கிலப் பக்கம் நின்றுபோவதுதான் வழக்கம். அந்த ஆள் உறுதியாகும்வரை தமிழில் மட்டும் நடத்தி, 'எங்களைப் பற்றி' பக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலும் வைத்தால் எந்தப் பிளகினும் வேண்டாம்.

தேடல் தமிழில் வேலை செய்யுமா?

அரைகுறையாக. வேர்ட்பிரஸ் நீங்கள் தட்டிய எழுத்துக்கோவை எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 'பேருந்து' என்று தேடினால் 'பேருந்தில்' அகப்படாது, 'பேருந்த' என்று தட்டினால் இரண்டும் வரும். இதை வருகிறவர்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? தேடலை நம்பாமல் பிரிவுகளையும் குறிச்சொற்களையும் ஒழுங்காக வையுங்கள்.

விழாப் படங்கள் ஏற்றினால் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஏன்?

இது வேர்ட்பிரஸில் அதிகம். ஒரு படத்தை ஏற்றினால் அது ஒரு கோப்பாக நிற்பதில்லை. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படத்துக்கு ஒரு சுருக்கிய பிரதி செய்கிறது. அதற்கு மேல் 150, 300, 768, 1024, 1536, 2048 அளவுகளில் ஆறு பிரதி. ஏற்றிய அசல் படத்தையும் அழிப்பதில்லை. மொத்தம் எட்டுக் கோப்பு. தீம் தன் பங்குக்கு இன்னும் இரண்டு மூன்று சேர்க்கும். பொங்கல் விளையாட்டு விழாவில் 200 படம் எடுத்து அப்படியே ஏற்றினால் 1,600 கோப்பு. மலிவு ஹோஸ்டிங்கில் ஜி.பி. அளவைவிடக் கோப்பு எண்ணிக்கை வரம்புதான் முதலில் முட்டும். அது முட்டினால் மின்னஞ்சல்கூட வராமல் நின்றுபோகும்.

ஏற்றுவதற்கு முன் போனிலேயே அகலத்தை 1600 பிக்சலுக்குள் சுருக்குங்கள், 4 எம்.பி. படம் 300 கே.பி. அளவுக்கு இறங்கிவிடும். ஒரு நிகழ்வுக்குப் பத்துப் படம் போதும். மீதியை கூகுள் போட்டோஸ் ஆல்பத்தில் போட்டு இணைப்புக் கொடுங்கள்.

படமே ஏறவில்லை என்றால் அது வேறு கதை. பி.எச்.பி.யின் இயல்பான ஏற்ற வரம்பு 2 எம்.பி. தான். சிபேனலில் பி.எச்.பி. அமைப்பில் ஏற்ற வரம்பை 16 எம்.பி.க்கும், 'போஸ்ட்' வரம்பை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வையுங்கள். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டு இன்னொன்றை மறந்தால் பெரிய படம் ஏறாது.

ஹோஸ்டிங் வாங்கும்போது என்ன பார்ப்பது?

பி.எச்.பி. பதிப்பு முதலில். ஜூம்லா 5க்குக் குறைந்தது 8.1, டிரூபல் 11க்கு 8.3 வேண்டும். வேர்ட்பிரஸ் பழையதிலும் ஓடும், ஆனால் 8.3 அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. நினைவக வரம்பு 256 எம்.பி.யாவது கிடைக்குமா, கோப்பு எண்ணிக்கை வரம்பு எவ்வளவு, தளத்தை https ஆக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசமாகத் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று கேளுங்கள். டிரூபல் என்றால் எஸ்.எஸ்.எச். வசதி (சர்வருக்குள் கமாண்ட் லைனில் நுழையும் வழி) கட்டாயம். டிரூபல் 'கம்போஸர்' என்ற கமாண்ட் லைன் கருவி வழியாக நிறுவப்படுவது. தளத்தின் முகப்பு 'வெப்' என்ற உள்கோப்புறையில் இருக்கும். டொமைனை அங்கே திருப்பிவிட இடம் தராத மலிவுத் திட்டத்தில் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

விலையைப் பார்க்கும்போது முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள். புதுப்பிக்கும் விலை எவ்வளவு என்று கேட்டு, அதையே பொதுக்குழுவில் சொல்லுங்கள்.

டிரூபல் வைக்கிற அளவுக்கு எங்களுக்கு என்ன தேவை இருக்கப்போகிறது?

இருக்கலாம். லீக் போட்டி நடத்தும் கால்பந்து அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது அணி, அணிக்கு இருபது வீரர், ஒரு பருவத்தில் நூறு ஆட்டம். வீரர் பக்கத்தைத் திறந்தால் அவர் ஆடிய ஆட்டங்கள், அணிப் பக்கத்தில் அடுத்த ஆட்டத் தேதி, மைதானவாரியாக ஒரு பட்டியல். டிரூபலில் மூன்று உள்ளடக்க வகை, அவற்றை இணைக்கும் குறிப்புக் கட்டங்கள், மேலே 'வியூஸ்' கொண்டு பட்டியல்கள். எல்லாம் மூலத்திலேயே இருக்கிறது. ஆட்ட முடிவை ஓரிடத்தில் போட்டால் எல்லாப் பக்கத்திலும் மாறும். வேர்ட்பிரஸிலும் விவரக் கட்டங்களைச் சேர்க்கும் ஏ.சி.எஃப். போன்ற பிளகின் வைத்து இதைச் செய்யலாம், ஆனால் பட்டியல் காட்ட நிரல் எழுதவேண்டிய இடம் சீக்கிரம் வந்துவிடும்.

மாநகராட்சி மண்டலவாரியாக, அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று, வார்டுவாரியாகத் தெருவிளக்கு, கால்வாய் அடைப்புப் புகார்களைத் தொகுக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். வெறும் நிகழ்ச்சி நாள்காட்டிக்காக டிரூபல் போடுவது வீண்.

எத்தனை பிளகின் போடலாம்?

எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. யார் பராமரிக்கிறார்கள் என்பதுதான். ஒரு வருடமாக அப்டேட் வராத பிளகின் இலவசமானாலும் வேண்டாம். சங்கத் தளத்துக்குப் பொதுவாகப் போதுமானவை: பேக்கப், தற்காலிகச் சேமிப்பு, தொடர்புப் படிவம், எஸ்.எம்.டி.பி., இரண்டடுக்கு லாகின். எஸ்.எம்.டி.பி. என்பது மின்னஞ்சல் கணக்கு ஒன்றின் வழியாகக் கடிதம் அனுப்பும் முறை. அது எதற்கென்றால், சர்வரின் வெறும் மெயில் வசதியில் போகும் படிவக் கடிதங்கள் ஸ்பேமில் விழும், அல்லது போய்ச் சேராது. 'உங்களுக்கு எழுதினோம், பதிலே இல்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

பக்கம் கட்டும் பிளகின்களை யோசித்துப் போடுங்கள். அவற்றில் சிலவற்றை நீக்கினால் பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிக்குள் குறிகளாகக் கிடக்கும். பிறகு அதிலிருந்து வெளியே வரவே முடியாது. காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம் இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது அனுப்பினால் தொடாதீர்கள். அதற்குள் பின்கதவு வைத்திருப்பார்கள்.

வேர்ட்பிரஸ் அடிக்கடி ஹேக் ஆகிறது என்கிறார்களே?

உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில் ஓடுவதால் தேடி அடிப்பவர்களும் அதிகம். அடி விழுவது பெரும்பாலும் பழைய பிளகினிலும் பலவீனமான பாஸ்வேர்டிலும். சிறு பாதுகாப்பு அப்டேட்கள் 3.7 பதிப்பிலிருந்து, அதாவது 2013 முதல், தானாக நிறுவிக்கொள்ளும். பிளகின்களுக்கு நீங்கள்தான் இயக்கிவிட வேண்டும், இயக்குங்கள். அப்டேட்டால் தளம் உடையும் என்று பயந்து நிறுத்திவைப்பதைவிட, உடைந்தால் நேற்றைய பேக்கப்பைப் போட்டு மீட்பது எளிது.

டிரூபலும் தப்பவில்லை. 2014 அக்டோபரில் வந்த ஓட்டைக்கு, அறிவித்த ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்கள் உடைக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று டிரூபல் பாதுகாப்புக் குழுவே சொன்னது. ஏழு மணி நேரத்தில் அப்டேட் போட உங்கள் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பேக்கப் என்றால் டேட்டாபேஸ், ஏற்றிய கோப்புகள், அமைப்புக் கோப்பு மூன்றும். அதே ஹோஸ்டிங்கில் வைத்த பேக்கப் கணக்கில் சேராது. ஹோஸ்டிங் போனால் அதுவும் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு துணைமுகவரியில் மீட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக வந்தால், ஏற்றுமதியின்போது எழுத்துக்குறி அமைப்பு 'யு.டி.எஃப். 8' ஆக இல்லை என்று பொருள். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டதை மீட்கவே முடியாது. பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ள நேரத்தில் தளம் திறக்குமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் போன் சிக்னலும் போன இடங்கள் ஏராளம். அப்படிப்பட்ட நாளில் திறக்கவேண்டிய பக்கம் 200 கே.பி.க்குள் இருக்க வேண்டும்: நகரும் படவரிசை, வீடியோ, வெளி எழுத்துரு எதுவும் இல்லாமல், எழுத்தும் தொலைபேசி எண்ணும் மட்டும். தமிழ் எழுத்துரு எல்லாப் போனிலும் இருக்கிறது. அழகுக்காக ஒன்றை இறக்கவைப்பது அன்றைக்குச் சுமை. டிரூபலில் பக்கச் சேமிப்பு (ஒருமுறை தயாரித்த பக்கத்தை வைத்திருந்து அப்படியே காட்டுவது) மூலத்திலேயே இயங்கும். ஜூம்லாவில் இருக்கிறது, அணைந்திருக்கும். வேர்ட்பிரஸில் பிளகின் வேண்டும்.

உறுப்பினர் பட்டியலைத் தளத்தில் போடலாமா?

நிர்வாகிகள் பெயரோடு நிறுத்துங்கள். எல்லா உறுப்பினர்களின் போன் எண்ணையும் பி.டி.எஃப். ஆகப் போட்டுவிட்டு 'இணைப்புத் தெரிந்தவர்தான் பார்ப்பார்' என்று நினைப்பது தவறு, கூகுள் எடுத்துவிடும். வேர்ட்பிரஸில் பதிவைக் கடவுச்சொல்லால் பூட்டினாலும் அதில் இணைத்த கோப்பு பூட்டப்படுவதில்லை, நேர் முகவரியில் திறக்கும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் குழந்தைகள். அவர்கள் விவரத்துக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். மாலை வகுப்பு, இளையோர் கால்பந்து நடத்துகிறவர்கள் சேர்க்கைப் படிவத்திலேயே படத்துக்கும் பெயருக்கும் ஒப்புதல் வாங்கிவிடுவது சுலபம். ஆதார் நகலை எந்தப் படிவத்திலும் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே பழைய டிரூபல் 7 அல்லது ஜூம்லா 3 தளம் இருக்கிறது.

டிரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5இல் முடிந்தது, ஜூம்லா 3க்கு 2023 ஆகஸ்ட்டில். ஜூம்லா 3லிருந்து 4க்கு இருந்த இடத்திலேயே ஏறலாம். டெம்ப்ளேட்டும் பழைய நீட்சிகளும்தான் உடையும். டிரூபல் 7லிருந்து புதியதற்கு ஏற முடியாது. புதிய தளம் கட்டி உள்ளடக்கத்தை இடம்பெயர்க்க வேண்டும். அதற்கு ஆளில்லை என்றால் டிரூபல் 7லிருந்தே பிரிந்த பேக்டிராப் என்ற வேறொரு சி.எம்.எஸ்.ஸுக்குப் போகலாம், அல்லது முக்கியமான முப்பது பக்கத்தைக் கையால் வேர்ட்பிரஸில் ஒட்டலாம். சிறு சங்கத்துக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் முடியும்.

வேர்ட்பிரஸிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: ஏற்றுமதிக் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிதான் இருக்கும். இறக்குமதி நடக்கும்போது பழைய தளத்திலிருந்து படங்களை இழுக்கும். பழைய ஹோஸ்டிங்கை மூடிவிட்டு இறக்குமதி செய்தால் எழுத்து வரும், படம் வராது.

தெரிந்த தம்பி ஒருவர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் டொமைனை அவர் கணக்கில் வாங்க விடாதீர்கள். சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று தொடங்கிய மின்னஞ்சலில், சங்கக் கணக்கிலிருந்து பணம் கட்டி வாங்குங்கள். அந்த மின்னஞ்சலின் மீட்பு எண் செயலாளருடையதாகவும், மாற்று மீட்பு முகவரி பொருளாளருடையதாகவும் இருக்கட்டும். நிர்வாகம் மாறும் நாளில் இரண்டையும் மாற்றுங்கள். தம்பிக்குத் தனி நிர்வாகி லாகின், உங்களில் ஒருவருக்கு இன்னொன்று. ஒரே லாகினைப் பகிர வேண்டாம். சந்தா வசூலுக்கு யு.பி.ஐ. க்யூ.ஆர். படம் போட்டால் அதன் கீழே கணக்கின் பெயரையும் எழுதுங்கள். யாராவது படத்தை மாற்றினால் பணம் அனுப்புகிறவர் திரையில் தெரியும் பெயரோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி. தளம் தயாரானதும், அவர் பக்கத்தில் இல்லாதபோது, உங்களில் ஒருவர் போனிலிருந்து ஒரு அறிவிப்பைப் படத்தோடு வெளியிட்டுப் பார்த்து, பிறகு அதை நீக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்று எழுதிவைத்து, அதைச் சரிசெய்து தரச் சொல்லிவிட்டு அப்புறம் தளத்தைத் திறந்துவைக்கலாம்.